நான்காம் இயலின் அடிக்குறிப்பு

அந்த வீட்டு இஞ்சு டேப்பின் முதல் இரண்டு அங்குலம் எப்போதோ போய்விட்டது. முனையில் இருந்த தகரம் கழன்று, துணி நைந்து, பிரிபிரியாகத் தொங்கிய பகுதியை அண்ணன் ஒருநாள் கத்தரியால் நறுக்கி எறிந்தார். புது டேப் வாங்க அவருக்கு மனம் வரவில்லை. அளந்த எண்ணில் இரண்டைக் கழித்துக்கொண்டால் போயிற்று. டேப் பதினெட்டு என்று காட்டினால் வாய் பதினாறு என்று சொல்லும். வருஷக்கணக்கில் அளந்து அளந்து, கழிக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் கழிக்க அந்த வீட்டில் எல்லாருக்கும் வந்துவிட்டது. அண்ணன், அண்ணி, தங்கை மூன்று பேருக்கும்.

தங்கைதான் டேப்பக்கா. அண்ணனின் தையல் கடை வீட்டின் முன்னறை. அங்கே மெஷின் பாபினில் நூல் சுற்றிப் பழகியவள், வளர்ந்ததும் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் காலர் பிரிவுக்குப் போனாள். எங்கே போனாலும் கழுத்தில் ஒரு டேப் தொங்கும். அதைப் பார்த்து அங்கே பக்கத்து மெஷின்காரிகள் வைத்த பெயர் அது. பிற்பாடு பல்கலைக்கழகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

அந்தக் கம்பெனியில் வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும். ஒவ்வொரு கட்டோடும் ஒரு சீட்டு இருக்கும்; தைத்தவள் தன் எண்ணை அதில் எழுத வேண்டும். பின்னால் எங்காவது தையல் விட்டிருந்தால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நேராக அவள் மெஷினுக்கே வந்துவிடுவார்கள். ஒருமுறை டேப்பக்கா தைத்த கட்டின் சீட்டில் சூப்பர்வைசர் தன் சொந்தக்காரப் பெண்ணின் எண்ணை எழுதிவிட்டார். டேப்பக்கா கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மெஷினை நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்குக் காலர் வரவில்லை. வரிசையே நின்றது.

"தையல் நல்லாத்தானே இருக்கு, யார் எண்ல போனா என்ன?" என்றார் சூப்பர்வைசர்.

"நல்லா இல்ல சார். நடுவுல ஒரு காலர் முனை கோணிடுச்சு. நாளைக்கு அந்தப் பொண்ணக் கூப்பிட்டு ஏன் கோணலாத் தச்சேன்னு கேப்பீங்க. அது என் கோணல். என் சீட்டுலயே இருக்கட்டும்."

சீட்டு மாறியது. அந்தப் பெண்ணே வந்து நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

காலர் தைத்துக்கொண்டே தபால் வழியில் பட்டம் வாங்கினாள். பிறகு மேற்படிப்பு. கம்பெனியை விட்டுவிட்டு, அண்ணன் கடையில் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டு, தொழிலாளர் நலத் துறையில் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தாள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னது. ஒரே சட்டையைத்தான் எல்லாப் பட்டறையிலும் தைக்கிறார்கள். சிலதில் மட்டும் ஏன் எல்லாருக்கும் கழுத்து பிடித்துக்கொள்கிறது? பதிலும் பெரிதாக இருக்காது, ஸ்டூலுக்கும் மெஷின் மேசைக்கும் நடுவில்தான் இருக்கும் என்று அவளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரியும். தெரிந்தால் போதாது, அளந்து காட்ட வேண்டும் என்றார் வழிகாட்டிப் பேராசிரியர். அதில் அவளுக்கு மறுப்பே கிடையாது. பட்டறை பட்டறையாக டேப்போடு போனாள்; அவளை உள்ளே விடாத ஒரு பட்டறைக்கு மட்டும் அண்ணன் போனார்.

ஆய்வேட்டை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஒரு கையேடு போட்டிருந்தது. மற்ற மாணவர்கள் அதைக் கண்டால் அலறுவார்கள். டேப்பக்கா அதைக் கதைப்புத்தகம் போலப் படித்தாள். இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம் விடச் சொல்லியிருந்தது ஏன் என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பைண்டிங் தின்றுவிடும் இடம் அது. தையலுக்கு உள்ளே விடும் துணி. மேற்கோள் விஷயமும் அப்படித்தான். எடுத்த இடத்தைச் சொல், பக்கத்தைச் சொல், யார் சொன்னது என்று சொல். கட்டுச் சீட்டுதான் அது. பாராட்டுவதற்காகப் போடுவதில்லை, கோணல் தெரிந்தால் யார் மெஷினுக்குப் போவது என்று தெரிவதற்காகப் போடுவது.

ஆய்வேடுகளைச் சரிபார்த்து வாங்கும் அறையில் இருந்தவரை எல்லாரும் ஓரம் சார் என்பார்கள். கண்ணாடி மாதிரியான ஸ்கேல் ஒன்றைப் பக்கத்தின்மேல் வைத்து, ஒரு நூல் குறைந்தாலும் கட்டைத் திருப்பித் தள்ளிவிடுவார். டேப்பக்காவின் பக்கங்களில் அவருக்குத் தள்ள எதுவும் கிடைக்கவில்லை. அதில் அவருக்குச் சிறிது வருத்தம்கூட இருந்திருக்கலாம். ஆனால் ஒப்புமைச் சோதனையின் அறிக்கை வந்த அன்று அவர் ஸ்கேலை எடுக்கவே இல்லை. எங்கிருந்தாவது எழுத்தைத் திருடியிருக்கிறோமா என்று கணினி பார்த்துச் சொல்லும் அறிக்கை அது. நான்காம் இயல், பட்டறை அளவுகள் உள்ள இயல், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை சிவப்பாக இருந்தது.

"எங்கேர்ந்தும்மா எடுத்தீங்க இத?"

"பட்டறைலேர்ந்து."

"கம்ப்யூட்டர் வேற சொல்லுது." அவர் விரலை வைத்துக் காட்டினார். போன வருஷம் ஓர் ஆய்வு இதழில் வந்த கட்டுரை. எழுதியவர் அவளுடைய வழிகாட்டி. அவர் பெயர் மட்டும்.

டேப்பக்கா அதை நின்றுகொண்டே படித்தாள். அவளுடைய வாக்கியங்கள். 'தோள் உயர்ந்தே இருக்கும் வேலை' என்று அவள் யோசித்து யோசித்து எழுதியது அப்படியே இருந்தது. அட்டவணையும் அப்படியே.

"ஒண்ணும் கலவரப்படாதீங்க," என்றார் ஓரம் சார். "அவர் பேரையும் வருஷத்தையும் ஒவ்வொரு பத்தி முடிவுலயும் போட்டுடுங்க. பட்டியல்ல ஒரு வரி சேத்துடுங்க. சிவப்பு போயிடும்."

"என் பத்தி முடிவுலயா?"

"விதி அதான். முன்னாடி அச்சானது மூலம். பின்னாடி வர்றது மேற்கோள்."

அவள் நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் கெட்ட மனிதர் போலவே பேசமாட்டார். அதுதான் அவரோடு இருந்த சிக்கல். நாற்காலியைக் காட்டினார். மின்விசிறியைக் கூட்டினார்.

"வாங்கம்மா. பாத்துட்டீங்களா கட்டுரைய? நானே சொல்லணும்னு இருந்தேன்."

"அது என் இயல் சார்."

"நம்ம ஆய்வும்மா. நான் வழிகாட்டி. நீங்க குடுத்த வரைவ வச்சு ஒரு கட்டுரை போட்டேன். இந்தத் துறைல எல்லாரும் பண்றதுதான், என் வழிகாட்டி எனக்குப் பண்ணினார். நான் ஏதாச்சும் கேட்டேனா? இப்ப நீங்க என்ன மேற்கோள் காட்டினா உங்க ஆய்வேட்டுக்கும் ஒரு கனம் வரும்."

"எங்க அண்ணன் குனிஞ்சு அளந்ததுக்கு உங்கள மேற்கோள் காட்டணுமா?"

"அண்ணனையெல்லாம் மேற்கோள் காட்ட முடியாதும்மா," என்று சிரித்தார் அவர்.

பல்கலைக்கழக வாசலில் ஆய்வேடு டைப் செய்யும் கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். இதைவிடச் சிவப்பான கட்டுகளைப் பார்த்தவர்.

"குடுங்க டேப்பக்கா. வார்த்தைய அங்க இங்க மாத்தி, வாக்கியத்தத் தலைகீழாப் போட்டா மெஷினுக்குத் தெரியாது. சாயங்காலம் வாங்க, வெள்ளையாத் தர்றேன்."

"எம் பிள்ளைக்கு நானே மாறுவேஷம் போடணுமா?" என்று கட்டை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மதியம் கடையில் ஆள் இல்லாத நேரம். வெட்டுமேசையில் கட்டுரையை விரித்து வைத்தாள். அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அட்டவணையைப் பார்த்தார். அண்ணி காஜா எடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இந்த மூணாவது பட்டறை," என்றார் அண்ணன் மெதுவாக, "இது நம்ம தப்பு எண்ணுல்ல?"

அந்தத் தப்பின் கதை இது. மூன்றாவது பட்டறையின் முதலாளிக்கும் டேப்பக்காவுக்கும் முன்பே ஒரு வாய்ச்சண்டை உண்டு. கழிவறைக்குப் பூட்டுப் போட்டதற்காக அவள் அந்த ஆளைத் தெருவில் வைத்துக் கேட்டிருந்தாள். அதனால் அவளை உள்ளே விடவில்லை. அவளுக்குப் பதிலாக அண்ணன் போனார். வெளியிடத்துக்குப் போகும்போது நறுக்கின டேப்போடு போனால் மானம் போகும் என்று, வாழ்க்கையில் முதல்முறையாகப் புது டேப் ஒன்று வாங்கினார். தகர முனையோடு, பூஜ்யத்திலிருந்து தொடங்கும் முழு டேப். அதில் ஒழுங்காக அளந்தார். அளந்துவிட்டு, கை எழுதும்போது மனசு தன் பாட்டுக்கு இரண்டைக் கழித்துவிட்டது. அந்தப் பட்டறையின் எல்லா மேசையும் எல்லா ஸ்டூலும் தாளில் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டன.

வரைவை வழிகாட்டியிடம் கொடுத்து வெகுகாலம் கழித்துத்தான் அது தெரிந்தது. அந்த அளவுப்படி அட்டையில் ஒரு மேசை செய்து டேப்பக்கா உட்கார்ந்து பார்த்தாள். முழங்கால் உள்ளே போகவில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒருத்தியிடம் சொல்ல, அவள் மேசை உயரத்துக்கும் ஸ்டூல் உயரத்துக்கும் நூல் வெட்டி, முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நூல் இரண்டு அங்குலம் கூடுதலாக இருந்தது. டேப்பக்கா அட்டவணையைத் திருத்தினாள். திருத்தாத வரைவு பேராசிரியரிடம் இருந்தது. அதுதான் இப்போது அச்சில்.

"கீழ என்னமோ காரணம் வேற எழுதியிருக்கே, படி," என்றாள் அண்ணி.

டேப்பக்கா படித்தாள். கட்டுரையில் அவள் எழுதாத பத்தி அது ஒன்றுதான். "மூன்றாம் பட்டறையில் மேசைகள் தாழ்வாக அமைந்திருப்பதற்கு, அங்குள்ள பணியாளர்கள் உடல் உயரம் குறைந்தவர்களாக இருப்பதே காரணம் எனக் கருதலாம்."

அண்ணி ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். "ஏணி அங்கதானே வேலை பாக்குறா?"

ஏணி என்பது நூல் கொண்டுவந்து கொடுத்தவள்தான். கடைக்குள் வரும்போது வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்துதான் வருவாள்.

"உங்க கை ஒரு பழக்கத்துல கழிச்சதுக்கு, அவரு ஒரு ஊரையே குள்ளமாக்கிட்டாரு," என்று அண்ணி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

"என் தப்பு பாப்பா. அத வெளிய சொல்லாத. அவரு பேர்லயே போகட்டும். உனக்குப் பட்டம் வரணும்."

"உங்க தப்ப அவரு பேர்ல விடறதா? நல்லா இருக்கே," என்றாள் டேப்பக்கா. "எண்ணும் நம்மது, தப்பும் நம்மது. ரெண்டையும் சேத்து வாங்கிட்டு வர்றேன் இருங்க."

நான்காம் இயலின் அட்டவணைக்குக் கீழே அவள் ஓர் அடிக்குறிப்பு எழுதினாள். சிறிய எழுத்தில், கையேடு சொன்ன இடைவெளியில். 'இந்த அளவுகள் அனைத்தும் இந்த ஆய்வுக்காக ஆய்வாளரும் அவருடைய அண்ணனும் எடுத்தவை. மூன்றாம் பட்டறையின் அளவுகள், புதிய நாடாவில் பழைய பழக்கப்படி கழித்ததால், முதல் வரைவில் இரண்டு அங்குலம் குறைவாகப் பதிவாயின. பின்னர் அங்குள்ள பணியாளர் ஒருவர் நூலால் எடுத்துத் தந்த அளவைக் கொண்டு அவை திருத்தப்பட்டன. ஆய்வு வழிகாட்டியின் கட்டுரையில் வெளிவந்துள்ளது திருத்தப்படாத முதல் வரைவின் அட்டவணையாகும். வாக்கிய ஒற்றுமைக்கும் அதுவே காரணம்.'

பேராசிரியர் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தோடு கட்டைக் கொண்டுபோய் வைத்தாள். அவர் அடிக்குறிப்பைப் படித்தார். மின்விசிறியைக் குறைத்தார்.

"இத எடுத்துட்டு வாங்கம்மா."

"எடுக்க மாட்டேன் சார்."

"நன்றியுரைல வேணும்னா உங்க அண்ணன் உதவினாருன்னு எழுதுங்க. நான் வேண்டாம்னு சொல்லல. அடிக்குறிப்பு எதுக்கு? என் கட்டுரைய மூலமாக் காட்டிட்டுப் போங்க."

"காட்ட முடியாது சார். மூலத்துல ஒரு எண்ணு இருக்கு, என்கிட்ட ஒரு எண்ணு இருக்கு. ரெண்டு இஞ்சு இடிக்குது."

அவர் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, ஒரு சின்னத் திருத்தம் சொல்லும் குரலில், "அப்படின்னா அந்தப் பழைய எண்ணையே போட்டுடுங்க. ரெண்டு இஞ்சுதானே. இடிக்காது," என்றார்.

டேப்பக்கா எழுந்துவிட்டாள். "அந்த ஸ்டூல்ல உக்காந்துக்கிட்டு இருக்காங்க சார் ஆளுங்க. உங்க கட்டுரைக்குத் தகுந்த மாதிரி அவங்க கழுத்து குனியாது."

"அப்ப கையெழுத்தும் வராது."

அவள் வெளியே வந்து, அறைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். பையிலிருந்து சட்டைகளை எடுத்துக் காஜா எடுக்க ஆரம்பித்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள். பதிவுக் காலம் முடிவதற்குள் கையெழுத்து வராவிட்டால் இத்தனை வருஷமும் வீண். அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காத்திருந்தால் அவளே அடிக்குறிப்பை உருவிவிடுவாள் என்று அவர் நினைத்தார். அவளோ சட்டைகளை முடித்து மடித்து அடுக்கினாள். நடைபாதையில் போன மாணவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் ஒருவன் பட்டன் அறுந்த சட்டையோடு வந்து நின்றான். தைத்துக் கொடுத்தாள்.

"தையல் வேலையெல்லாம் வெளிய வச்சுக்கங்கம்மா," என்றார் பேராசிரியர், கதவைப் பூட்டிக்கொண்டே.

"வெளியதான் சார் உக்காந்திருக்கேன். உள்ள விட்டா உள்ள வர்றேன்."

பதிவுக் காலம் முடியப் போகும்போது அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓரம் சாரிடம் போனாள். கையெழுத்து இடம் காலியாக இருந்தது. அவர் ஸ்கேலை வைத்து ஓரத்தைப் பார்த்தார். அடிக்குறிப்பை இருமுறை படித்தார்.

"கையெழுத்து இல்லியே."

"இல்ல."

"அந்தப் பக்கம் இருக்கான்னு பாக்குறதுதான் என் வேலை. பக்கம் இருக்கு." முத்திரையை எடுத்துக் குத்தினார். "கையெழுத்து ஏன் இல்லன்னு துறைத் தலைவர் கேப்பாங்க. அது உங்க பாடு, அவர் பாடு. மூலம் ஒண்ணு சொல்லி நீங்க ஒண்ணு எழுதினா அது மேற்கோளே இல்லங்கறது மட்டும் எனக்குத் தெரியும். முன்னாடி நான் உங்களுக்குச் சொன்னது தப்பு. அட்டவணைய ஒத்துப் பாக்காம சொல்லிட்டேன்."

துறைத் தலைவர் அதிகம் பேசாத அம்மாள். இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். பேராசிரியர் துறை வழக்கம் பற்றியும் மாணவர்களின் நன்றியுணர்வு பற்றியும் நிதானமாகப் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். டேப்பக்கா கட்டுச் சீட்டைப் பற்றிச் சொன்னாள். கோணல் யாருடையதோ அவர்கள் எண்தான் சீட்டில் இருக்க வேண்டும் என்றாள்.

"அளக்கறப்ப நீங்க அந்தப் பட்டறைக்குப் போனீங்களா சார்?" என்று கேட்டார் தலைவர்.

"போக வேண்டிய அவசியம் வரல."

"சரி. அடிக்குறிப்புல பொய் இருந்தா எது பொய்னு எழுதிக் குடுங்க, நான் எடுக்கச் சொல்றேன். இல்லேன்னா கையெழுத்துப் போடுங்க."

பேராசிரியர் அடிக்குறிப்பை மறுபடி ஒருமுறை படித்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்து வழக்கத்தைவிடச் சிறியதாக விழுந்தது.

ஆனால் அதோடு முடியவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஏணியின் நூலைப் பற்றி ஆர்வமாகக் கேட்டார், பாராட்டினார், போகும்போது தன் அறிக்கையில் ஒரே ஒரு திருத்தம் எழுதிவிட்டுப் போனார். நான்காம் இயலின் அடிக்குறிப்பு மிக நீளமாக இருக்கிறது, இந்த வருஷம் திருத்திய கையேட்டின்படி அடிக்குறிப்பு மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது, சுருக்கவும். அதைப் படித்த பேராசிரியரின் முகத்தில் பல மாதம் கழித்து ஒரு சிரிப்பு வந்தது. சுருக்கச் சுருக்க அதில் ஒன்றும் மிஞ்சாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

டேப்பக்கா தாளை வெட்டுமேசையில் வைத்தாள். அண்ணன் அதைத் துணியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நாடா, பழக்கம், நூல், இந்த விளக்கமெல்லாம் சுத்துத் துணி. வெட்டிடு. அத இயல் உள்ள வச்சுத் தச்சுக்கலாம். உடம்பு மட்டும் நிக்கட்டும்." வெட்டினாள். வெட்டியபின் நின்றது இவ்வளவுதான்:

'அளவு எங்களுடையது, பிழையும் எங்களுடையது. வழிகாட்டியின் கட்டுரையில் உள்ளது அந்தப் பிழையோடு அவர் எடுத்துக்கொண்ட எங்கள் வரைவு.'

அண்ணி இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "தப்பா அளந்து புஸ்தகத்துல ஏறின ஒரே டெய்லர் நம்ம வீட்டுலதான் இருக்காரு," என்றாள். அண்ணன் அந்த வரியைத் தானே ஒருமுறை வாசித்துப் பார்த்தார். அன்று அவரும் சிரித்தார்.

திருத்திய கட்டை ஓரம் சாரிடம் கொடுக்கப் போன அன்று பேராசிரியர் அங்கேயே வந்துவிட்டார். டைப் செய்யும் கடையிலிருந்து விஷயம் அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். கட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தார். நின்றபடியே படித்தார்.

"என்னம்மா இது, இப்படி மொட்டையா இருக்கு? முன்னாடி எழுதினதுல ஒரு விளக்கம் இருந்துச்சு. படிக்கிறவங்களுக்கு எப்படி நடந்துச்சுன்னு புரியும். பழசே இருக்கட்டுமே."

"எடுக்கச் சொன்னீங்களே சார் அத."

"இதுக்கு அது பரவாயில்லம்மா."

"விதி சார். மூணு வரிக்கு மேல போகக் கூடாதாம்."

பேராசிரியர் ஓரம் சாரைப் பார்த்தார். ஓரம் சார் ஸ்கேலை அடிக்குறிப்பின்மேல் வைத்து, கீழ் ஓரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வரிதான் சார் வருது," என்றார் நிமிராமல். "இன்னும் ஒரு வரி எழுத இடம் இருக்கு. வேணும்னா கேட்டுப் பாருங்க."

டேப்பக்கா பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள். பேராசிரியர் கட்டை மூடி, மெல்ல மேசையில் வைத்துவிட்டுப் போனார்.